விளக்கை அணைக்காதீர்கள்

லாஸ் ஏஞ்சலஸ்



இந்த ஊரில் எட்டு வயதைத் தாண்டிய பெட்ரோல் கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ‘ஸ்மாக் செக்’ என்னும் புகைச் சோதனையில் தேற வேண்டும். இல்லையேல் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள். நோட்டீஸ் வந்ததும், புதிதாக வந்த நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் யோசனை: “ஸ்கேனரைச் செருகி ‘செக் என்ஜின்’ விளக்கை அணைத்துவிடு.” அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நம்மூரில் புகைக்குழாயில் கருவியைச் செருகி அளப்பார்கள். இங்கே 2000-இலும் அதற்குப் பின்னும் வந்த பெட்ரோல் கார்களில் கணினியிடமே கேட்டுவிடுகிறார்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் அமைப்பு என ஒவ்வொன்றையும் அது ஓட்டத்தின்போதே சோதித்துக் குறித்துவைத்திருக்கும். விளக்கை அப்படி அணைத்தால் அந்தக் குறிப்புகளும் போய்விடும். பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் பெரும்பாலும் அதே கதிதான். ஆவி அமைப்பின் சோதனை மட்டும் முடியாமல் இருந்தால் விடுவார்கள். மற்றவை முடிந்திருக்க வேண்டும். 2010 முதல் வந்த மாடல்களில் நிரந்தரப் பழுதுக் குறியீடு என்று ஒன்றும் உண்டு. எந்த ஸ்கேனராலும் அதை அழிக்க முடியாது.

இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. 1943 ஜூலையில் கண்ணை எரிக்கும் மூட்டம் இந்நகரை மூடியபோது ஒரு ரசாயன ஆலையைத்தான் முதலில் குறை சொன்னார்கள். கார்ப் புகையும் எரிபொருள் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாவதை ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர் 1950களின் தொடக்கத்தில்தான் காட்டினார். இன்றும் கோடையில் ஆஸ்துமாக் குழந்தைகளை வெளியே விளையாட விடத் தயங்கும் நாட்கள் உண்டு.

ஆகவே பழுதைப் பாருங்கள். பெட்ரோல் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தாலே விளக்கு எரியலாம். ஸ்பார்க் பிளக் கோளாறைத் தள்ளிப்போட்டால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் கெடுக்கும். பிளக்கின் விலை எங்கே, கன்வெர்ட்டரின் விலை எங்கே!

பழுது தீர்ந்தபின் சில நாட்கள் ஓட்டுங்கள். இரவெல்லாம் ஆறிய என்ஜினைக் காலையில் கிளப்பி, சற்று நேரம் நின்றபடி ஓடவிட்டு, பிறகு ஃப்ரீவேயில் சீரான வேகத்தில் போங்கள். டேங்க் பாதியளவில் இருக்கட்டும். நிரம்பி வழிந்தாலோ அடியில் கிடந்தாலோ ஆவிச் சோதனை நடக்காது. ஸ்கேனரை இப்போது எடுங்கள், எல்லாம் ‘தயார்’ என்று காட்டுகிறதா பார்க்க.

காசில்லையே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று: வருமானம் குறைந்தவர்களுக்குச் சோதனையில் தேறாத காரைப் பழுதுபார்க்க மாநில அரசு பணம் தருகிறது. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.