பித்து உடையாமல்

மூங்கில்துறைப்பட்டில் ஆற்று மீனுக்குப் பஞ்சமில்லை. ஊரை ஒட்டித் தென்பெண்ணை ஓடுகிறது. ஆற்றின் மேலே 1958-இல் கட்டிய சாத்தனூர் அணை இருக்கிறது. அங்கே சுற்றிப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு மீன் வறுவல்தான் குறி என்பது என் சந்தேகம். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டைகள் மூன்றும் கங்கைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குஞ்சு விட்டு வளர்த்தவை. ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. எங்கிருந்து வந்தால் என்ன, எல்லாம் நம் புளிக்குழம்புக்குப் பழகிவிட்டன.

வாங்குவது சுலபம், ஆய்வதுதான் வேலை. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அத்தை. அருவாமனையை மிதித்து உட்கார்ந்து, கைக்குக் கொஞ்சம் கல்லுப்பு தடவிக்கொண்டு, வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதிலைத் தள்ளுவார். விரால் வழுக்கும், அதற்குச் சாம்பல் வேண்டும், சொரசொரப்பான கல் வேண்டும். கெளுத்திக்கு முதலில் முதுகு முள்ளையும் பக்கத்து முள் இரண்டையும் ஒடித்துவிட வேண்டும். குத்தினால் கடுக்கும்.

வயிற்றைக் கீறும்போது மட்டும் அத்தை பேச்சை நிறுத்திவிடுவார். “ஆழமா போடாத கண்ணு. பித்து ஒடஞ்சா மீனு போச்சு.” ஈரலோடு ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒரு சின்னப் பை. உடைந்தால் சதையெல்லாம் கசக்கும். மருந்து என்று நம்பி கெண்டை இனத்து மீன்களின் பித்தைப் பச்சையாக விழுங்கிச் சிறுநீரகம் கெட்டு மருத்துவமனைக்குப் போனவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. பித்து போனபின் செவுள், வயிற்றின் உள்ளே ஒட்டிய கறுப்புத் தோல், நடுமுள்ளை ஒட்டி உறைந்த ரத்தம் ஆகியவற்றைச் சுரண்டி எடுக்க வேண்டும். பலர் இந்த ரத்தத்தை விட்டுவிட்டு, மீன் நாறுகிறது என்பார்கள். சேற்று வாடை வேறு. அது தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருளால் வருவது. புளிப்பு பட்டால் அது சிதையும். புளியில் ஊறவைக்கச் சொன்ன நம் பாட்டிகள் வேதியியல் படித்தவர்கள் அல்லர்.

வீடியோ பார்த்து முள் நீக்கிய துண்டு போடலாம் என்று எனக்கும் ஆசை வந்தது. கடல் மீனுக்கு அது சரி. ரோகுவில் நடுமுள்ளிலிருந்து சதையைப் பிரித்தாலும் கவட்டை போன்ற பொடிமுள் சதைக்குள்ளேயே தங்கும். அவை முதுகெலும்போடு சேர்ந்தவை அல்ல, சதைக்குள் தனியாகக் கிடப்பவை. விராலில் இந்தத் தொல்லை இல்லை; அதன் விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அத்தை முள்ளை எடுக்கப் பார்ப்பதில்லை, வெட்டிக் குட்டையாக்கிவிடுவார். வறுவல் மீனின் இரு பக்கமும் நெருக்க நெருக்கமாகக் கீறுவார். பொடிமுள் துண்டாகி, காய்ந்த எண்ணெயில் முறுகிப்போகும், பல்லுக்குத் தெரியாது. குழம்புக்கு இது செல்லாது. அதனால் குழந்தைக்கு எப்போதும் வயிற்றுத் துண்டு. அங்கே விலா முள்தான், கண்ணுக்குத் தெரியும். வால் துண்டு பெரியவர்களுக்கு.

முள்ளே இல்லாத மீன் வேண்டுமென்று கேட்பவர்களிடம் கெண்டையைக் கொடுத்து மாரடிக்கக் கூடாது என்பது என் தீர்மானம். ஆனால் சுவையில் அதற்கு ஈடு குறைவு. இப்போது சந்தையில் வெட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறார். வெட்டச் சொல்லுங்கள், தப்பில்லை. வறுவலுக்கு நெருக்கமாகக் கீறச் சொல்லுங்கள், தலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பித்து முழுசாக வந்ததா என்று அங்கேயே நின்று பாருங்கள்.