சாந்தி தெய்வத்தின் வாள்வீரன்

சமாதானமே வடிவென்று சொல்லப்படும் ஒரு தெய்வத்துக்கு வாளேந்திய அடியான் எதற்கு? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது போலல்லவா இருக்கிறது என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் விடை தேடாமல் நகைத்து விலகுவது அறிவுடைமையாகாது. ஞாயிறுதோறும் மாலை வேளையில் அத்தகைய வீரன் ஒருவனாக வேடம் பூண்டு மேசையோரம் அமர்ந்து வருபவர் நாம். ஆதலின் இதுபற்றி நேயர்களிடம் சிறிது பேச விழைகின்றோம்.

நாம் கூறும் மேசை சீட்டாட்ட மேசையன்று. ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் கதையாட்டத்தை அமெரிக்க ஐக்கிய நாட்டினரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் இயற்றி 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நடுவர் ஒருவர் ஓர் உலகத்தை வாயால் வருணிப்பார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் யாது பேசும், யாது செய்யும் என்று உரைப்பர். நடக்குமோ நடவாதோ என்று ஐயம் வருமிடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். கூத்தில் வேடமிடுவோனுக்குப் பாட்டும் வசனமும் முன்னரே அமைந்திருக்கும். இங்கே வேடம் மட்டுமே முன்னர் அமைந்தது. வசனம் அவ்வப்போது பிறத்தல் வேண்டும். அதுவே இதன் இன்பம். அதுவே இதன் சங்கடமும்.

இவ்வாட்டத்தில் ‘பாலடின்’ என்னும் புனித வீரன் 1975-ஆம் ஆண்டில் ‘கிரேஹாக்’ என்ற துணைநூலில் முதன்முதல் தோன்றினான். பெயர் மிகப் பழைமையானது. அரண்மனையைச் சார்ந்தவன் என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லினின்று பிறந்தது. சார்லமேன் பேரரசனின் பன்னிரு தோழர்களைப் பழங்கதைகள் அப்பெயரால் அழைத்தன. அவர்களுள் தலைசிறந்தவனாகப் பாடப்படும் ரோலன் 778-ஆம் ஆண்டில் பிரனீஸ் மலைக் கணவாயொன்றில் மாண்டான். அவனை மாய்த்தோர் பாஸ்க்கு மலைவாசிகள் என்பது சரித்திரம். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த காவியமோ, மாய்த்தோரை வேற்று மதத்தினராக்கி, அச்சாவை மதப்போரின் மகிமையாக மாற்றிவிட்டது. ஆகவே புனித வீரன் பிறந்த வீடு சாந்திக்குப் பேர்போன வீடன்று.

ஆட்டத்திலும் தொடக்கத்தில் அவன்பால் சாந்தியைவிடக் கண்டிப்பே மிகுந்திருந்தது. 1978-ஆம் ஆண்டு நூலின்படி, பாலடின் அறிந்து ஒரு தீச்செயல் புரிவானாயின் அப்பதவியை அக்கணமே இழப்பான். மீட்பு என்பது கிடையாது. இதனால் விளைந்தது யாது? பதவி போய்விடுமோ என்னும் அச்சத்தால், பாலடின் வேடம் பூண்டவர் தம் தோழர்களுக்கெல்லாம் காவல்துறையாகிவிடுவர். அதே நூலில் ‘கிளெரிக்’ என்னும் சமயகுருவுக்கும் ஒரு விதி உண்டு. கூர்மையான ஆயுதம் அவன் ஏந்தலாகாது. கதாயுதம் போன்ற மொட்டை ஆயுதமே தகும். இரத்தம் சிந்தலாகாது என்பது அதன் கருத்து. இரத்தம் சிந்தாமல் மண்டையை உடைப்பது எவ்வகைக் கருணையென்று நமக்கு இன்றளவும் விளங்கவில்லை. விதியின் எழுத்தைக் காத்து அதன் உயிரைக் கொல்லும் வித்தை மேசையாட்டத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை நேயர்கள் அறிவார்கள்.

நிற்க. கனடா தேசத்து எட் கிரீன்வுட் என்பார் படைத்து, 1987-ஆம் ஆண்டு முதல் இவ்வாட்டத்துக்குரிய நூல்களாக வெளிவந்த ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்னும் கற்பனை உலகில் சாந்தி தெய்வங்கள் சில உண்டு. எல்டாத் என்பவள் நீரூற்றுக்கும் சோலைக்கும் அதிதேவதை. அமைதியே அவள் அருள். இல்மாட்டர் என்பவன் துன்பத்தைத் தாங்குவோரின் தெய்வம்; பிறர் நோவைத் தன்மேல் ஏற்பவன். செங்கயிற்றால் மணிக்கட்டில் பிணிப்புண்ட இரு கைகளே அவன் சின்னம். இத்தெய்வங்களைக் கற்பித்தோர் இன்னாரென்று நூலின் அட்டையிலேயே அச்சாகியிருப்பதால், இவற்றின் பேரால் உண்டியல் குலுக்குவாரில்லை, சண்டையிடுவாருமில்லை. இவற்றுள் இல்மாட்டரையே நம் வீரனுக்குத் தெய்வமாகத் தேர்ந்தோம்.

அவன் ஏற்ற விரதம் 2017-ஆம் ஆண்டு வெளியான ஒரு துணைநூலில் காணப்படுவது. மீட்பு விரதம் என்று தமிழில் சொல்லலாம். அதற்கு நான்கு கொள்கைகள். ஆயுதம் கடைசி வழியாதல் வேண்டும். பிறக்கும்போது எவரும் தீயவரல்லர். மனிதர் திருந்தக் காலம் பிடிக்கும், ஆதலின் பொறுமை வேண்டும். திருந்தவே மாட்டாதாரும் உளர், அங்குத் தோல்வியை ஒப்பி வாளெடுக்க நேருமென்பதை உணரும் விவேகமும் வேண்டும். இவ்விரதத்தில் தேர்ந்தவன் ஏழாம் படியை எட்டும்போது ஓர் ஆற்றலைப் பெறுகின்றான். தன்னிடமிருந்து 10 அடிக்குள் நிற்கும் ஒருவர்மேல் விழும் காயத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளலாம். அவ்வாறு வாங்கிய காயத்தை எந்தக் கவசத்தாலும் மந்திரத்தாலும் குறைக்க முடியாது. முழுவதும் அவனே அனுபவித்தாக வேண்டும். இவ்விதியை முதன்முறை வாசித்தபோது இதில் ஆழ்ந்த பொருளொன்று உண்டென்று நமக்குத் தோன்றியது. அது யாதென்று விளங்கியது சென்ற ஆண்டு மழைக்காலத்து ஞாயிறு ஒன்றிலேதான்.

நம் தோட்டத்துக் கிராணி வீட்டு வராந்தாவில் நால்வர் கூடுவது வழக்கம். பள்ளி ஆசிரியர் ஒருவர் நடுவர். எண்ணெய் ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் நண்பர் வில்லாளி. மருந்தகத்தில் பணிபுரியும் தாதியம்மையார் மந்திரவாதினி. நாம் இல்மாட்டரின் வீரன். அன்று கதையில் ஓர் ஆற்றுப் பாலத்தைக் கள்வர் கூட்டமொன்று மறித்து நின்றது. பேசிப் பார்த்தோம், பயனில்லை. போர் மூண்டது. சிலர் மாண்டனர், சிலர் ஓடினர். கடைசியாக நின்ற இளைஞனை நம் வீரன் வீழ்த்தினான். நாம் கைக்கொள்ளும் 2014-ஆம் ஆண்டு விதிநூலில் ஒரு சலுகை உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் நின்று வீழ்த்துபவன், கடைசி அடியில் எதிரியைக் கொல்லாமல் மயக்கமுறச் செய்யலாம். தூரத்திலிருந்து எய்யும் வில்லாளிக்கு இச்சலுகை இல்லை. அருகிற் சென்றவனுக்கே இரக்கம் காட்டும் உரிமை! நாம் அவனைக் கொல்லாது விடுத்தோம்.

அதோடு நிற்கவில்லை. பாலடினுக்குக் கைதொட்டுக் குணப்படுத்தும் வரம் உண்டு. ஏழாம் படியில் நாளொன்றுக்கு 35 புள்ளி. அன்று எஞ்சியிருந்த 5 புள்ளியையும் அவ்விளைஞனின் காயத்துக்கே செலவிட்டோம். அப்போது வில்லாளி நண்பர் பகடையைக் கீழே வைத்தார்.

“கிராணியாரே, உமது விரதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் என் பாத்திரமும் காயப்பட்டுத்தான் நிற்கிறது. இவன் தப்பிச் சென்று கூட்டத்தை அழைத்து வந்தால் முதல் அம்பு என் மார்பில்தான் தைக்கும். விரதம் உம்முடையது, அதற்கு விலை நான் ஏன் கொடுக்க வேண்டும்?”

“காயம்பட்டவன் இன்னானென்று விசாரித்துவிட்டா மருந்து கட்டுவது?” என்றார் தாதியம்மையார்.

“அது சரி, அம்மா. கட்டிய மருந்து யாருடைய பங்கு என்றுதான் கேட்கிறேன்.”

தேநீர் ஆறிப்போயிற்று. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நடக்கவில்லை, வாதமே நடந்தது. கொல்வதே விவேகமென்றார் நண்பர். கொல்வதற்குத் துணைபோக மாட்டேன் என்றார் அம்மையார். நடுவராகிய ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் நல்ல நடுவர்.

நண்பரின் கேள்விக்கு நம்மிடம் சாஸ்திர விடை பல இருந்தன. உயிர் அரியது, மன்னிப்பு உயர்ந்தது என்று பிரசங்கம் செய்திருக்கலாம். ஆனால் கிராணித் தொழில் நமக்குக் கற்பித்த பாடமொன்று குறுக்கே நின்றது. வரவு என்று ஒன்றை எழுதினால் எங்கேனும் ஒரு பேரில் பற்று எழுதியே தீர வேண்டும். இரக்கமும் அப்படியே. அது வானத்திலிருந்து இலவசமாக இறங்குவதன்று. இரங்கியவர் ஒருவர், செலவு மற்றொருவர் பேரில் என்றால், அது கணக்கில் மோசடி. அதற்குத் தர்மமென்று பெயரிடுவது மோசடியை மறைக்கும் மோசடி.

ஆகவே நம் வீரன் ஒன்று செய்தான். கைதியின் இடக்கையையும் தன் வலக்கையையும் ஒரே கயிற்றால் பிணைத்துக்கொண்டான். இரவு முழுவதும் தானே காவலிருப்பதாகவும், தோழர் இருவரும் தன்னிடமிருந்து 10 அடிக்கு அப்பால் செல்லலாகாதென்றும் கேட்டுக்கொண்டான். வாளேந்தும் கை கட்டுண்டதால், இனி வாள் வீசும்போதெல்லாம் இரு பகடை உருட்டிச் சிறிய எண்ணையே கொள்ள வேண்டுமென்று நடுவர் தீர்ப்பளித்தார். நாம் இணங்கினோம். வில்லாளி நண்பர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். “சரி” என்று மட்டும் சொன்னார்.

நள்ளிரவில் கூட்டத்தார் வந்தனர். நண்பர் அஞ்சியவாறே முதல் அம்பு அவர் மார்பை நோக்கி வந்தது. அக்காயத்தை நம் வீரன் வாங்கினான். அடுத்த சுற்றில் அம்மையாரின் காயத்தையும் வாங்கினான். மூன்றாம் சுற்றில் விழுந்தான். விழுந்தவன் பிழைப்பானா என்பதற்கு 20 முகப் பகடையை உருட்டுவர். 10-க்குக் குறைந்தால் ஒரு தோல்வி. தோல்வி மூன்றானால் மரணம். நமக்கு இரண்டு தோல்வி அடுத்தடுத்து வீழ்ந்தன. கைதியோ, கீழே கிடந்த கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான்; நம் வீரனைக் குத்தவுமில்லை, காக்கவுமில்லை; இருளில் ஓடி மறைந்தான். திருந்தினானா என்பது இன்றுவரை கதையில் வெளிப்படவில்லை.

மூன்றாம் பகடையை நாம் கையிலெடுக்கும் முன்னர் வில்லாளி நண்பர் குறுக்கிட்டார். வில்லை எறிந்துவிட்டு ஓடிவந்து, தம்மிடமிருந்த ஒரே மருந்துக் குப்பியை நம் வீரனின் வாயில் ஊற்றுவதாக உரைத்தார். “இது கடன், கிராணியாரே. எழுதிக்கொள்ளும்” என்றார். அடுத்த முறை கைதியைத் தாமே கட்டப் போவதாகவும் சொன்னார். கொல்லப் போவதாகச் சொல்லவில்லை.

இதனின்றும் நாம் கண்ட முடிபு இதுவே. சாந்தி தெய்வத்துக்கு வீரன் வேண்டியதன் காரணம், சாந்திக்குச் செலவு உண்டு என்பதே. ஒரு கை வாளை உறையிலிட்டால், அக்கையால் விலகியிருக்கக்கூடிய ஆபத்து வேறெங்கோ சென்று விழுகின்றது. அது விழுமிடத்தில் தானே நிற்பவன் வீரன். தான் விலகிக்கொண்டு பிறரை நிற்கச் செய்பவன், வாயால் எவ்வளவு சாந்தி பேசினும், விரதம் காத்தவனாகான். காயத்தை வாங்கும் ஆற்றலையும், அதைக் குறைக்க முடியாதென்னும் தடையையும் ஒருங்கே வைத்த விதியின் பொருள் இஃதென்று கொண்டோம்.

பகடையாட்டத்தில் இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். வாழ்க்கையில் இத்தகைய கேள்வி எழும்போது யோசிக்க ஒரு மணி நேரம் எவரும் தருவதில்லை. பெரட்டு நேரத்தில், விடியுமுன், ஒருவன் காய்ச்சலோடு வந்து நிற்கின்றான். வீட்டுக்குப் போ, பேர் போட்டுக்கொள்கிறேன் என்று கிராணி சொல்லிவிடலாம். இரக்கமுள்ள கிராணியென்று பேரும் கிடைக்கும். ஆனால் அவன் பங்கு உரமூட்டைகளை அன்று அவனோடு சேர்ந்த கூட்டத்தார் சுமக்க வேண்டும். மூட்டை ஒவ்வொன்றும் 50 கிலோ. இரங்கலாகாது என்பது நம் கருத்தன்று. காய்ச்சல்காரன் வீட்டுக்குச் செல்லத்தான் வேண்டும். ஆனால் அன்று வேலையைக் குறைக்கச் சொல்லி மேலிடத்தில் பேசி, அதனால் வரும் கோபத்தைத் தன் தலையில் வாங்குகிறவனே இரங்கினவன். பேனாவால் மட்டும் இரங்குவது எளிது. அதன் பாரம் பேனா பிடித்த கையில் ஏறுவதில்லை.

நான்காம் கொள்கையையும் மறத்தலாகாது. எல்லாரும் திருந்துவர் என்று அவ்விரதம் வாக்களிக்கவில்லை. தோல்வி நேருமென்று முன்னரே ஒப்புகின்றது. அதற்காகவே வாளை முறிக்காமல் உறையில் வைத்திருக்கின்றது. வாளில்லாதவன் கொல்லாதிருப்பதில் வியப்பில்லை. வாளிருந்தும், எடுக்க நியாயமிருந்தும், இன்னும் ஒரு முறை பொறுத்துப் பார்ப்போமென்று நிற்பதும், அப்பொறுமைக்கு வரும் செலவைத் தன் பேரிலேயே எழுதிக்கொள்வதுமே கடினம். சமாதானத்தைப் புகழ்ந்து பேசுவோர் பேசட்டும். அதன் பற்று யார் பேரில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கணக்கைத் திறந்து பார்ப்பது நம் அனைவர் கடமையுமாகும்.