நடைபாதையில் ஒரு நாடு

வியட்நாம் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது போர்தான். அமெரிக்காவை விரட்டிய குட்டி நாடு என்று மேடைப் பேச்சுகளில் கேட்டே வளர்ந்தோம். அந்தப் போர் முடிந்தது 1975 ஏப்ரல் 30. ஹனோயின் பழைய நகரத்தில் முதுகுப் பையோடு நடந்தபோது எதிர்ப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஹெல்மெட்டும் முகத்துணியும் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் முன்னால் பிள்ளையை நிறுத்திக்கொண்டு, அவரவர் வேலைக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். நான் கொண்டுபோன வியட்நாமைக் கேட்டு வாங்க அங்கே ஆளில்லை.

புது நாட்டில் எல்லாமே விசித்திரமாக இருக்கும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. தெரிந்த பொருள்தான், தெரிந்த காரியம்தான். ஆனால் ஒன்றும் நாம் வைத்த இடத்தில் இல்லை. அதுதான் ஆளைத் திணறடித்தது.

சாலையைக் கடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் கையைக் காட்டுவோம், கொஞ்சம் ஓடுவோம், நடுவில் நிற்போம், தேவைப்பட்டால் ஓரடி பின்வாங்குவோம். அங்கே இது எதுவும் உதவாது. ஒரே வேகத்தில், மெதுவாக, நிற்காமல் நடக்க வேண்டும். வருகிற மோட்டார் பைக்குகள் உங்கள் நடையைக் கணக்குப் போட்டு இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும். பயந்து நின்றால் கணக்குத் தப்பும். கீரைக்கூடையோடு ஒரு பாட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கினார். அவர் நிழலிலேயே நானும் அக்கரை சேர்ந்தேன். அண்ணா சாலையில் பழகிய கால்களுக்கு இது சுலபம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பழக்கம்தான் இடைஞ்சல்.

ஹனோயில் நடைபாதை நடப்பதற்கு அல்ல. சமையல், சாப்பாடு, முடிவெட்டு, சீட்டாட்டம், சைக்கிள் பஞ்சர் எல்லாம் அங்கேதான். பால்வாடிப் பிள்ளைகள் உட்காருவதுபோல் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் முக்காலிகள். முழங்கால் மோவாயை இடிக்கும். நட்சத்திர ஓட்டல்காரருக்குத் தெரியாத வியட்நாம் அந்த உயரத்தில்தான் தெரிகிறது என்பது என் கட்சி.

முக்காலியில் உட்கார்ந்தால் காபி. இங்கே நமக்கு மார்தட்ட இடமில்லை. உலகக் காபி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு. பெரும்பாலும் ரொபஸ்டா, கசப்பு தூக்கலாக இருக்கும். நம் வீட்டில் ஒரு பில்டரில் டிகாக்ஷன் இறக்கினால் குடும்பம் முழுக்கக் குடிக்கும். அங்கே ஆளுக்கு ஒரு சின்ன அலுமினிய பில்டர். டம்ளரின் தலையில் அது குந்தியிருக்கும். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கண்டென்ஸ்டு மில்க். வெந்நீர் ஊற்றி மூடிவிட்டால், கறுப்பு ஒவ்வொரு சொட்டாக வெள்ளையின் மேல் விழுந்து, கலக்காமல் தனி அடுக்காக நிற்கும். ஆற்றுவதும் இல்லை, நுரையும் இல்லை. பக்கத்து முக்காலிக்காரர் சொட்டு முடியும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். பால் தட்டுப்பாடு இருந்த 1946-இல் ஹனோய் ஓட்டல் ஒன்றில் முட்டை மஞ்சள்கருவை நுரைக்க அடித்துக் காபியில் இட்டதாகச் சொல்கிறார்கள். அந்த முட்டைக் காபி இன்றைக்கும் ஊரின் பெருமை. எனக்கு ஒரு தடவை போதும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங். ஏடிஎம்மில் கை வைத்த மாத்திரத்தில் லட்சாதிபதி. எல்லாத் தாளிலும் ஹோ சி மின்தான் சிரிக்கிறார். 20,000 தாளும் 5,00,000 தாளும் இரண்டுமே நீலம். மங்கிய விளக்கில் கொடுக்கும்போது சைபரை எண்ணிவிட்டுக் கொடுங்கள்.

சைவக்காரர்கள் மீன் சாற்றுக்குப் பயந்து பிஸ்கட்டோடு அலைய வேண்டியதில்லை. பௌத்த வழக்கப்படி சந்திர மாதத்தின் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் பலர் சைவம் சாப்பிடுகிறார்கள். 'சாய்' என்று பலகை போட்ட கடைகளில் எல்லா நாளும் சைவம்தான். அமாவாசைக்கு வாழைக்காய் வாங்குகிற ஊரிலிருந்து போனவனுக்கு இதை விளங்கிக்கொள்ள வழிகாட்டி தேவைப்படவில்லை.

ஆனால் என் மனம் ஒட்டிப்போனது ரயிலில். ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர், அத்தனையும் மீட்டர் கேஜ்! பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கி 1936-இல் முடித்த பாதை. போரில் துண்டு துண்டாகி, 1976 கடைசியில் மறுபடி ஓடத் தொடங்கியது. தாம்பரம்–கடற்கரை மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் தொங்கியவர்களுக்கு அந்த ஆட்டம் உடனே பிடிபடும். பெட்டி குறுகல், ஆறு பேர் படுக்கை, நடைவழியில் சோறும் சூப்பும் தள்ளிக்கொண்டு வரும் வண்டி. பகலில் மேல் படுக்கைக்காரர்கள் கீழே வந்து உட்கார்ந்தார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. எதிரே இருந்த அம்மா ரம்புட்டான் பழத்தை நகத்தால் கீறி, உரித்து, என் கையில் வைத்தார். பேச மொழி இல்லை. பழம் தீரும்வரை எங்கள் உரையாடல் நன்றாகவே நடந்தது.

குவாங் திரி மாகாணத்தை ரயில் கடக்கும்போது இரண்டு பக்கமும் வயல், எருமை, வயல் நடுவே கல்லறைகள். கண்ணுக்குத் தஞ்சாவூர்ப் பச்சை. அந்த மண்ணில் வெடிக்காத குண்டுகளை இன்னும் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். போர் எங்கேயும் போகவில்லை, முதல் பார்வைக்குப் படாத இடத்தில் கிடக்கிறது. ஜன்னலோரப் பயணியின் பார்வையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அந்த ஒரு மாகாணம் போதும்.

ஹோய் ஆனிலிருந்து மீ சன் போனேன். 4-ஆம் நூற்றாண்டு தொடங்கிச் சம்பா மன்னர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள். 1969-இல் விழுந்த அமெரிக்கக் குண்டுகளில் பெரிய கோபுரம் ஒன்று மண்ணோடு போயிற்று. குண்டு விழுந்த பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை இங்கே சீரமைப்பு செய்தபோது 2020-இல் ஒரே கல்லாலான சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. ஆவுடையாரைக் கண்டதும் கால் தானாக வலம் வந்தது. பூசை இல்லை, விபூதி இல்லை, டிக்கெட் உண்டு.

சைகோனில் இது தலைகீழ். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வணிகத்துக்கும் உத்தியோகத்துக்கும் வந்த தமிழர்கள் எழுப்பியது. அவர்களில் பெரும்பாலோர் எப்போதோ போய்விட்டார்கள். கோயில் நிரம்பி வழிகிறது, வியட்நாமியரால். கத்தை கத்தையாக ஊதுவத்தி ஏந்தி நிற்கிறார்கள். கருவறைக்குப் பின்னால் கற்சுவரில் முகத்தைச் சாய்த்து வேண்டுதலை முணுமுணுக்கிறார்கள். அம்மன் நம் அம்மன்தான். கும்பிடும் முறை தெரியாமல் நின்றவன் நான் ஒருவன். பக்கத்திலிருந்த பெண் ஊதுவத்தியைக் கையில் கொடுத்து, சுவரைக் காட்டினாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஹாலோங் விரிகுடாவைப் படகில் சுற்றிப் படம் எடுத்துவிட்டு விமானம் ஏறிவிடாதீர்கள். வடக்கிலிருந்து தெற்கே ரயிலில் வாருங்கள். ஹுவேயிலிருந்து டா நாங் வரையாவது பகல் வண்டியைப் பிடியுங்கள். ஹாய் வான் மலையை ஒட்டி ரயில் ஊர்ந்துதான் போகும். இடப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், கடல் அந்தப் பக்கம்.