கொக்கிகள்

என் அக்கா தையற்காரி. முப்பது ஆண்டுகள் ஊராருக்கு இரவிக்கை தைத்தவர். "துணி கிழியுமுன் கொக்கிதான் தம்பி முதலில் விட்டுப்போகும்" என்பார்.

வயிற்றில் வலி என்று அவர் முதன்முதலில் சொன்னபோது, "அதெல்லாம் ஒன்றுமில்லை அக்கா, வெறும் வாய்வு" என்று சொல்லி அனுப்பியவன் நான். பள்ளியில் உயிரியல் கற்பித்தவன் என்ற துணிச்சல். ஏழு மாதம் கழித்து நோயின் பெயர் தெரிந்தது. ஒரு கட்டியாகத் திரளாமல், இரைப்பைச் சுவருக்குள் தனித்தனி உயிரணுக்களாகச் சிதறிப் பரவும் புற்றுநோய்.

அக்காவை அடக்கம் செய்த பின்னர்தான் அதைப்பற்றிப் படிக்கலானேன். நம் உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே வாழ்கின்றன. பற்றும் கை, ஈ-கேடெரின் என்னும் புரதம். ஓர் அணுவிலிருந்து நீளும் புரதம் அடுத்த அணுவின் புரதத்தோடு கொக்கியாய்ப் பிணைகிறது. கால்சியம் இல்லையேல் அப்பிணைப்பு நில்லாது.

சில புற்றுநோய்களில் அடாம்-10 போன்ற நொதிகள் இக்கொக்கியைக் கத்தரித்து விடுகின்றன. அதன் உள்முனை பிடித்து வைத்திருந்த பீட்டா-கேட்டெனின் என்ற புரதம் அப்போது விடுபட்டு, அணுவின் கருவுக்குள் புகுந்து, "பெருகு" என்று தூண்டக்கூடும். அக்காவுக்கு வந்த வகையிலோ, பெரும்பாலும் மரபணு பழுதுபட்டோ அடங்கியோ போவதால் கொக்கியே உருவாவதில்லை. பிரிந்த அணுக்களுக்கு வேறு நொதிகள் திசுக்களை அரித்து வழி திறக்கின்றன.

அந்த நொதிகள்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவை அந்நியர் அல்ல. 1962-இல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியேரும் அவ்வினத்தின் முதல் நொதியைக் கண்டது, தலைப்பிரட்டையின் வால் கரையும் இடத்தில். புண் ஆறுவதற்கும் அவை வேண்டும். 1990-களில் அவற்றைத் தடுக்கும் மருந்துகளைச் சோதித்தபோது, பலருக்கு மூட்டுவலி வந்ததேயன்றி எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. கத்தரிக்கோலைப் பிடுங்கிவிட்டால் தையலும் நின்றுபோகும் அல்லவா?

சென்ற மாதம் அக்காளின் மகள் வந்தாள். "மாமா, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா?" என்றாள். 1998-இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில், இக்கொக்கிக்குரிய மரபணுவின் பழுதே தலைமுறைதோறும் இரைப்பைப் புற்றை விளைவித்தது என்று கண்டறிந்தார்கள். அவ்வாறு வழிவழியாய் வருபவை மிகச் சிலவே. இருப்பினும் சோதித்துப் பார்க்க இன்று வழியுண்டு.

"அதெல்லாம் ஒன்றுமில்லை" என்ற சொல் நாவின் நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"தெரியவில்லை, அம்மா. நாளைக் காலை மருத்துவரிடம் போய்க் கேட்போம். நானும் வருகிறேன்" என்றேன்.

அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள்.