கதவைத் தட்டுவது யார்? ‘தீரன்’ காட்டிய பயமும் திருச்சுழி அப்பத்தாவின் பழைய ராத்திரிகளும்

ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு வீடு. நடுராத்திரி. வெளியே ஏதோ சத்தம். “யாருப்பா அது?” என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்காரர் தாழ்ப்பாளில் கை வைக்கிறார்... சினிமாவில் இந்த இடம் வந்தாலே நமக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

வீடு புகுந்து மிரட்டும் படங்களுக்கென்றே ஒரு ஃபார்முலா உண்டு. தனி வீடு, உதவிக்கு ஆளில்லாத ராத்திரி, முகம் தெரியாத எதிரி. ஹாலிவுட்டின் ‘தி ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ (2008), டாப்ஸி நடித்த ‘கேம் ஓவர்’ (2019) இரண்டிலும் முகமூடி போட்டவர்கள்தான் வருவார்கள். ஆனால் 2017 நவம்பரில் ஹெச்.வினோத் இயக்கத்தில் கார்த்தி நடித்து வந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படத்தில் முகமூடி தேவைப்படவில்லை. லாரியில் வந்து, சாலையோரத் தனி வீடுகளில் புகுந்து கொலை செய்யும் வடமாநிலக் கூட்டம் அது.

கதை முழுக்கக் கற்பனையும் இல்லை. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ சுதர்சனம் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். ஐ.ஜி ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வடமாநிலங்களுக்கே போய் பவாரியா கும்பலைப் பிடித்தது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் இந்தப் பயம் இன்னும் அதிகமாகவே ஒட்டிக்கொள்ளும். மழையை நம்பிய பூமி. பிள்ளைகள் திருப்பூர், சென்னை என்று பிழைக்கப் போய்விட, பல வீடுகளில் வயசானவர்கள் மட்டும்தான். ஒரு காலத்தில் வாசலில் கட்டில் போட்டுத் தூங்கியவர்கள், இப்போது கிரில் கேட்டுக்குள் புழுங்கிக் கிடக்கிறார்கள்.

திருச்சுழி பக்கத்துக் கிராமம் ஒன்றில் 85 வயதைத் தாண்டிய அப்பத்தா ஒருவர். தீபாவளிக்கு வந்த பேரன் டி.வி-யில் ‘தீரன்’ போட்டான். கொலைக் காட்சிகளில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்ட அப்பத்தா, கொள்ளையர்களின் பூர்வீகத்தைச் சொல்லும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்கய்யாவையும் இப்பிடித்தான்டா களவாணின்னு எழுதி வச்சிருந்தாக. ஒரு களவுக்கும் போனதில்ல அந்த மனுசன். பொழுதடைஞ்சா டேசன்ல போய் ரேகை வச்சுட்டு அங்கனயே படுக்கணும். நானும் ஆத்தாவும் வீட்டுல தனியாக் கெடப்போம். ராத்திரி கதவு தட்டுனா அது போலீசுதான்.”

பேரனுக்கு இது புதுக் கதை. டி.வி சத்தத்தைக் குறைத்துவிட்டு, “நெசமாவா அப்பத்தா?” என்றான்.

நிஜம்தான். வெள்ளைக்காரர்கள் 1871-ல் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்தாலே குற்றவாளி என்றது. மதுரை, பழைய ராமநாதபுரம் மாவட்டங்களிலும் சில சமூகங்கள் மீது அது பாய்ந்தது. ‘கைரேகைச் சட்டம்’ என்று சொல்லிச் சொல்லியே நம் ஊர்ப் பெரியவர்கள் அதைப் பேசினார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அது ரத்தானது. பவாரியா மக்களும் அதே சட்டத்தின் பட்டியலில் இருந்தவர்கள்தான்.

கொலை செய்த கும்பலுக்குத் தண்டனை கிடைக்க வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால், கும்பல் மேல் வரவேண்டிய பயம், வெளியூர் முகம் எல்லாவற்றின் மேலும் படரும்போது என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2018-ல் ‘வடநாட்டுக்காரர்கள் பிள்ளை பிடிக்க வருகிறார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அந்த ஆண்டு மே மாதம், போளூர் அருகே குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணியை ஒரு கும்பல் அடித்தே கொன்றது. அவர் சென்னையிலிருந்து குடும்பத்தோடு குலதெய்வம் கும்பிட வந்தவர்.

இந்தப் படங்களில் கேமரா எப்போதும் வீட்டுக்குள்ளேதான் நிற்கும். வெளியே நிற்பவருக்கு ஊர், பேர், அம்மா, அப்பா எதுவும் இருக்காது. படம் முடிந்தபிறகும் நாம் அந்தக் கேமராவோடே இருந்துவிடுவதில்தான் சிக்கல்.

அப்பத்தா சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் கேட்டைப் பூட்டிவிடுகிறார். வாசல் விளக்கு விடியும்வரை எரிகிறது. பக்கத்து வீட்டு நம்பரை சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். பகலில் போர்வை விற்க வரும் வடமாநிலப் பையனுக்கு மட்டும் கிரில் வழியே ஒரு செம்பு தண்ணீர் போகும். “எந்த ஊருய்யா? ஆத்தா இருக்காளா?” என்பார். பாதி புரிந்த அந்தப் பையன் தலையாட்டுவான்.