கல்லில் இல்லாத கல்பாசி

ரிஷிகேஷில் விடியுமுன் ஜீப் ஏறினேன். கோபேஷ்வரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வழியில் பாதி நேரம் கண்ணில் பட்டது சீட் மரம்தான், இமயமலைப் பைன். மூன்று மூன்றாகச் சேர்ந்த ஊசியிலை, பாளம் பாளமாக வெடித்த பட்டை. சில மரங்களின் அடியில் மீன்முள் மாதிரி கீறி, கீழே ஒரு சின்னக் குவளையை மாட்டியிருந்தார்கள். ரப்பர் தோட்டம் பார்த்தவர்களுக்குப் பழகிய காட்சி. இங்கே வடிவது பிசின்; காய்ச்சி வடித்தால் டர்பன்டைன்.

தூரத்தில் பார்க்க அழகான காடுதான். ஓரமாக நிறுத்தி உள்ளே போனால் தரையில் புல்கூட அரிது. உதிர்ந்த ஊசியிலை மட்டும் செம்பழுப்பாக மெத்தையிட்டுக் கிடக்கிறது. அதற்குப் பிரூல் என்று பெயர். கால் வைத்தால் வழுக்கும், பீடித் துண்டு விழுந்தால் பற்றும். அது ஏப்ரல் மாதம். எதிர்ச்சரிவில் இரண்டு இடங்களில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பாட்டின் ஒலியைக் கூட்டினார்.

மறுநாள் மண்டல் கிராமம். 1973 ஏப்ரலில் சிப்கோ இயக்கம் முதன்முதலாக எழுந்தது இந்தப் பள்ளத்தாக்கில்தான். சிப்கோ என்றதும் நமக்கு நினைவு வருவது மறு ஆண்டு ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்ற பெண்களும் மரங்களை மறித்து நின்றது. அதற்கு முன்னால் மண்டலில் நடந்தது ஒரு நுகத்தடிச் சண்டை. ஏரும் நுகமும் செய்ய ஊர்க்காரர்கள் வனத்துறையிடம் கொஞ்சம் மரம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அதே மரத்தை விளையாட்டுக் கருவிகள் செய்யும் கம்பெனிக்கு ஒதுக்கினார்கள். சிப்கோவின் முன்னோடி சண்டி பிரசாத் பட்டின் ஆட்கள் கோபேஷ்வரிலிருந்து திரண்டு வர, கம்பெனி ஆட்கள் வெட்டாமல் திரும்பினார்கள். அந்த மரத்தின் உள்ளூர்ப் பெயர் அங்கு. "அங்கு எங்கு?" என்று நான் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டதை விளக்க அங்கே தமிழர் யாரும் இல்லை.

ஊருக்கு மேலே ஏறினால் சீட் முடிந்து பாஞ்ச் தொடங்குகிறது. ஓக் இனம். பார்வைக்கு ஒன்றுமில்லாத மரம். நானும் முதலில் கவனிக்கவில்லை. பிறகு ஒரு காற்று அடித்தது. இலைகள் புரண்டன, சரிவு முழுக்க வெள்ளையாகிவிட்டது. மேலே கரும்பச்சை, அடியில் வெண்ணிறப் பூமயிர். இதன் தாவரவியல் பெயருக்கே வெண்மயிர் தாங்கி என்றுதான் பொருள்.

காட்டுக்குள் ஈரமண் வாசனை. காலடியில் மட்கிய இலை அமுங்கியது. வளைவில் ஒரு நீரூற்று; கல்லில் செதுக்கிய வாய் வழியே விரல் கனத்துக்கு நீர் விழுந்துகொண்டிருந்தது. முதுகில் பாஞ்ச் தழைக் கட்டோடு வந்த ஒரு பெண் பாரத்தை இறக்கிவிட்டு முகம் கழுவினார். என்னைவிட மூத்தவர். "தீதி, மாட்டுக்கா?" என்றேன் என் அரைகுறை இந்தியில். "மாட்டுக்கும்தான், அடுப்புக்கும்தான், வயலுக்கும்தான்" என்றார். தழை தொழுவத்துக்குப் போய் எருவாகி வயலுக்கு வரும். பிறகு, கேட்காமலே சொன்னார்: "சீட் தண்ணியைக் குடிக்கும், பாஞ்ச் தண்ணி கொடுக்கும் தம்பி."

சீட் மேல் இந்தப் பழி முழுக்க நியாயமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எரிந்த, வறண்ட, வேறெதுவும் ஒட்டாத சரிவிலும் முளைக்கிற மரம் அது. பாஞ்சைக் கழித்தே கட்டையாக்கிய இடத்திலும் அதுதான் வந்து உட்காருகிறது. ஆனால் ஊற்று எந்தக் காட்டில் இருந்தது என்பதையும் பார்த்தேனே. பாஞ்ச் இலை மட்கிப் பஞ்சான மண் மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது. அவர் பேச்சில் அறிவியல் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம், குடத்தோடு நடந்த கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

அவர் உட்கார்ந்திருந்த மரத்தின் பட்டையில் சாம்பல் நிறத்தில் ஏதோ சுருண்டு படர்ந்திருந்தது. ஓரம் சுருங்கிய காகிதம் மாதிரி, திருப்பினால் அடியில் கறுப்பு. எங்கோ பார்த்த முகமாக இருந்ததே என்று உதிர்ந்து கிடந்த ஒரு துண்டை எடுத்து முகர்ந்தேன். கறிக்குழம்பு! அம்மா எண்ணெயில் பட்டை, சோம்போடு தாளிக்கும் கல்பாசி. இங்கே அதற்கு ஜூலா என்று பெயர். ஓக் மரங்களிலிருந்து சுரண்டி மூட்டை மூட்டையாக மசாலா வியாபாரிகளுக்கு அனுப்புகிறார்கள். கல்லும் இல்லை, பாசியும் முழுசாக இல்லை. பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் லைக்கன். மிக மெல்ல வளரும். ஒரு கைப்பிடி அளவு படர எத்தனையோ வருடம் பிடிக்கும், குழம்பில் மணக்க இரண்டு நொடி.

சோப்தா போகும் பாதையில் உயரம் ஏற ஏற மரங்களே மீட்டர் போல மாறிக்கொண்டு வந்தன. பாஞ்சுக்கு மேலே கர்சு, முள்விளிம்பு இலையுள்ள இன்னொரு ஓக். மழைக்காலத்தில் இதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு விழும். பிச்சாவரத்துச் சுரபுன்னை சேற்றில் செய்கிற அதே வேலையை இது பனிமலையில் செய்கிறது. இடையிடையே புரான்ஸ், அதாவது ரோடோடென்ட்ரான் மரம்; பூக்கள் தீப்பிடித்தது போலச் சிவப்பு. ஓர் இதழைக் கடித்துப் பார்த்தேன், நல்ல புளிப்பு. கடைகளில் சர்பத்தாக விற்கிறார்கள். உத்தராகண்டின் மாநில மரம். நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறோமே, அதுவும் இதே இனத்தின் கிளைதான். நடுவே 2,000 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. பனியுகத்தில் குளிர் தெற்கே இறங்கியபோது பரவி, பிறகு வெப்பம் திரும்பியதும் நீலகிரி உச்சிகளில் ஒதுங்கிக்கொண்டது என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். கோத்தகிரிப் பக்கம் எத்தனையோ முறை இதைக் கடந்திருக்கிறேன், நின்றதில்லை. இங்கே ஒவ்வொரு மரத்துக்கும் நின்றேன். டிக்கெட் எடுத்து வந்தால் கண் தானாகத் திறக்கிறது.

சோப்தாவிலிருந்து துங்கநாத் கோயில் நான்கு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் ஏற்றம் மூச்சை வாங்கியது. புரான்ஸ் சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகியது. அப்புறம் பெரிய மரங்களே நின்றுபோயின. பனியின் பாரத்தில் வளைந்து தரையோடு தவழும் குட்டை ரோடோடென்ட்ரான் புதர்கள் மட்டும், இறுக மூடிய மொட்டுகளோடு. இலையைத் திருப்பினால் அடியில் பழுப்புக் கம்பளி. அதற்கு மேலே வெறும் புல்வெளி, அதிலும் பாதி பனிக்குள். 3,680 மீட்டர் உயரத்தில் கோயில் பூட்டியிருந்தது. சாமி இன்னும் குளிர்கால இருப்பிடமான மக்குமத்திலிருந்து திரும்பவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பையிலிருந்த வேர்க்கடலையைத் தின்றுவிட்டு இறங்கினேன்.

ஊர் திரும்பிய மறுவாரம் மளிகைக் கடையில் ஐம்பது கிராம் கல்பாசி வாங்கி, முறத்தில் கொட்டிப் புடைத்தேன். அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். இரண்டு இதழ்களின் அடியில் நகக்கண் அளவு மரப்பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்த மரம் என்று சொல்ல முடியவில்லை. "அதைக் கிள்ளிப் போட்டுட்டுக் குடுடா, எண்ணெய் காயுது" என்றாள் அம்மா.