அகீம் எனும் சொல்

அரபு மொழியில் ‘அகீம்’ என்றொரு சொல் உண்டு. மகப்பேறு வாய்க்காதவர் என்பது அதன் பொருள். ஆணைக் குறிக்கும்போதும் அது அகீம்தான். பெண்ணைக் குறிக்கும்போதும், பெண்பால் விகுதி எதனையும் ஏற்காமல், அகீம்தான். நாடியோருக்குப் பெண்மக்களையும் நாடியோருக்கு ஆண்மக்களையும் வழங்கும் இறைவன், நாடியோரை அகீமாக ஆக்குவதையும் ஷூரா அத்தியாயத்தில் (42:49, 50) அறிவிக்கின்றான். அங்கே ‘நாடியோர்’ என்பது இருபாலார்க்கும் பொதுவாகவே நிற்கின்றது. தமிழ் அகராதியிலும் மலடன், மலடி என்னும் இரு சொற்களும் இருக்கின்றன. ஆயினும் நம் தெருக்களில் நாம் கேட்டு வளர்ந்தது மலடி என்பதை மட்டுமே.

பிள்ளை வேண்டி இறைவனிடம் கையேந்திய ஜகரிய்யா (அலை) அவர்களின் வேண்டுதல் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வருகின்றது. தம் எலும்பு தளர்ந்ததையும் தலை நரைத்ததையும் அவர்கள் முதலில் முறையிடுகின்றார்கள். மனைவியின் நிலையைச் சொல்வது அதற்குப் பின்னரே. பாடம் நடத்தும்போது இந்த வரிசையில் சற்று நின்று செல்வது நம் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், மணமாகி ஏழாண்டு கடந்த நிலையில், ஒரு ஃபத்வாக் கேட்டு வந்தார். “ஹஜ்ரத், உம்மா இன்னொரு நிக்காஹ் செய்யச் சொல்கிறார். மார்க்கத்தில் தடை இல்லைதானே?” என்றார். அவர் மனைவிக்கு இரத்தச் சோதனைகள், ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே ஆகிய எல்லாம் முடிந்திருந்தன. குறை ஒன்றும் காணப்படவில்லை. “உன்னைச் சோதித்தார்களா, தம்பி?” என்று கேட்டோம். அவர் தலை குனிந்தார். “எனக்கு ஒன்றுமில்லை ஹஜ்ரத். நான் நல்லாத்தான் இருக்கேன்” என்பதே அவருடைய மறுமொழி.

இந்தப் பதிலில்தான் முடிச்சு இருக்கின்றது. ஆண்மையின்மை வேறு; மகப்பேற்றுக்குத் தகுந்த விந்தணு இன்மை வேறு. நம் ஃபிக்ஹு நூல்கள் இவ்விரண்டையும் என்றோ பிரித்து வைத்துவிட்டன. தாம்பத்தியத்துக்கு இயலாதவனை ‘இன்னீன்’ என்று குறித்து, நான்கு பருவங்களும் சுழன்று வரட்டும் என்று காஜி அவனுக்கு ஓராண்டுத் தவணை தருவதைத் தனிப் பாடமாகவே வகுத்தார்கள். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும் அந்த ஓராண்டு இடம்பெற்றுள்ளது. ஆனால் உடல் வலுவும் இல்லற இயல்பும் குறைவற இருக்கும் ஒருவரது விந்தில் அணுக்களே இல்லாமலிருக்கலாம். கண்ணுக்கு அது தெரியாது. மைக்ராஸ்கோப்புக்கு மட்டுமே தெரியும். சோதனைக்குப் போவதே ஆண்மைக்கு இழுக்கு என்று நம் இளைஞர் கூசுவது, இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான்.

அணுக்களை முதலில் கண்டு எழுதியவர்க்கும் கூச்சம் இருந்தது. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்த லேவன்ஹூக் 1677-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதைக் கடிதமாக எழுதியபோது, தாம் ஆராய்ந்தது பாவ வழியில் பெற்றதன்று, மனைவியுடன் கூடிய இல்லறத்தில் பெற்றதே என்று விளக்கியிருந்தார். அறிஞர்க்கு இது அருவருப்பாகத் தோன்றுமாயின் கடிதத்தை அழித்துவிடலாம் என்றும் வேண்டிக்கொண்டார். அவர்கள் அழிக்கவில்லை.

மாணவரின் அடுத்த தயக்கம் மார்க்கம் பற்றியது. மாதிரியை எவ்வழியில் எடுப்பது? தானே எடுப்பதை நம் ஷாஃபிஈ இமாம்கள் விலக்கியிருக்கின்றார்கள் என்பது மெய். மனைவியின் கையால் அமைவதை அவர்களே ஆகுமாக்கியும் இருக்கின்றார்கள். சோதனைச் சாலைக்கு அருகில் தங்கியோ, வீட்டிலிருந்து விரைந்து எடுத்துச் சென்றோ இவ்வழியைக் கைக்கொள்ளலாம். இதற்கென்றே மருந்து கலவாத உறைகளும் உள்ளன. சாதாரண உறைகள் அணுக்களைக் கெடுக்கும். வேறு வழி இயலாதபோது சிகிச்சைத் தேவையை முன்னிட்டு அறிஞர்கள் அனுமதி தருகின்றார்கள். நோன்புப் பகலில் கூடாது, நோன்பு முறிந்துவிடும். குளிப்புக் கடமையாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பேணுதல் வேண்டிய மருத்துவ விதிகளும் உண்டு. இரண்டு முதல் ஏழு நாள் வரை விலகி இருந்திருத்தல் வேண்டும். முழுவதும் குப்பியில் விழ வேண்டும். முதற்பகுதி சிந்தினால் கணக்கே மாறிவிடும். உடற்சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள். மொத்தம் 3 கோடியே 90 லட்சம். அவற்றுள் அசைவுடையவை நூற்றுக்கு 42. வடிவம் சீரானவை நூற்றுக்கு 4. இந்த நான்கைக் கண்டு நடுங்குவோர் பலர். தகப்பனாராகியவர்களிடத்தும் சீரான வடிவம் குறைவாகவே இருக்கும் என்பதை அவர்கள் அறிவதில்லை. ஓராண்டுக்குள் மனைவியர் கருத்தரித்த ஆடவரை ஆராய்ந்து, அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் எந்த அளவுக்கு மேல் இருந்தார்களோ அதனையே கீழ் எல்லையாகக் குறித்தார்கள். ஆகவே எல்லைக்குக் கீழே இருப்பவர் எல்லாரும் அகீம் அல்லர். மேலே இருப்பவர்க்கெல்லாம் உறுதிச் சீட்டும் இல்லை. ஓர் அணு உருவாகி முதிர இரண்டரை மாதம் அளவு ஆகின்றது. இடையில் வந்த கடுங்காய்ச்சலும் கணக்கைக் குறைக்கும். புகையிலையும் தீங்கு செய்யும். உடற்கட்டுக்காகப் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் ஊசியோ உற்பத்தியையே நிறுத்திவிடவும் கூடும். ஒரே சோதனையைக் கொண்டு தீர்ப்பெழுதலாகாது என்பது இதனால்தான்.

அவரை அனுப்பி வைத்தோம். மில்லிலிட்டருக்கு 40 லட்சம் என வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் பெரிய மாற்றமில்லை. விதைப்பையின் இரத்த நாளங்கள் புடைத்திருந்ததை மருத்துவர் கண்டறிந்தார்.

அன்றிரவு நம்மிடம் வந்தார். “உம்மாவிடம் சொல்லத்தான் வேண்டுமா ஹஜ்ரத்? மருமகளுக்கு வைத்தியம் நடக்கிறது என்றே இருக்கட்டுமே” என்றார். உன் குறையை ஊருக்குச் சொல்லக் கடமையில்லை, ஆனால் உன் குறையைச் சுமந்து இன்னொருத்தி ஏச்சு வாங்குவதை வாய் மூடிப் பார்த்திருப்பது அவதூறுக்குத் துணை போவதாகும் என்றோம். ஃபத்வாக் கேட்டு வந்தவர்க்கு நாம் அளித்த ஃபத்வா அது ஒன்றே. இன்னொரு நிக்காஹைப் பற்றி அவர் அதன்பின் கேட்கவில்லை.

அவர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அந்த அம்மையார் எவருடனும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் மருமகளை அழைத்துத் தம்முடன் ஒரே சஹனில் உண்ண வைத்தாராம். மன்னிப்பு என்று எதுவும் வாயால் கேட்கவில்லை. அந்தப் பெண் ஏழாண்டாகப் போகாமலிருந்த பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வீட்டு விருந்துகளுக்கு இப்போது போகின்றாள் என்று கேள்வியுற்றோம்.

கணவரது விந்தும் மனைவியின் கருமுட்டையும் அவ்விருவரின் நிக்காஹ் நீடிக்கும் காலத்தில் இணைக்கப்படின் குழாய்க் கருத்தரிப்பு ஆகும் என்றும், மூன்றாமவர் எவரும் இடையில் புகலாகாது என்றும் 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம் முடிவு கூறியுள்ளது. அவ்வளவு தூரம் செல்ல வேண்டியிருக்குமா என்பது இவருக்கு இன்னும் தெளிவாகவில்லை. புடைத்த நாளங்களுக்கு அறுவை செய்துகொண்டிருக்கின்றார். அணுக்கணக்கு உயர்ந்ததா என்று பார்க்க மூன்று மாதமேனும் பொறுக்கச் சொல்லியிருக்கின்றார்கள். அது வரும் ரபீவுல் ஆகிரில் நிறைவுறும். இவற்றை அவர் இசைவுடனேயே எழுதினோம். ஊரும் பேரும் தவிர்த்தோம்.